கல்லூரிக் கட்டணம்: கேஷ் கவுன்டரில் நிற்பதற்கு முன்

தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், முதலாண்டு வகுப்பறைக்குள் நுழைந்து ஒரு பெஞ்சில் இருக்கும் நான்கு பேரிடம் எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒன்றும் கட்டவில்லை என்பார். அடுத்தவர் இருபத்தைந்தாயிரம் என்பார். மூன்றாமவர் ஐம்பதாயிரம். நான்காமவர் பதில் சொல்லாமல் சிரிப்பார். அவர் மேனேஜ்மென்ட் கோட்டா. ஆசிரியரும் ஆய்வகமும் பாடத்திட்டமும் நால்வருக்கும் ஒன்றுதான்.

கல்லூரியின் பெயரைப் பார்த்துக் கட்டணத்தைக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். எந்தக் கல்லூரி என்பதைவிட, அதற்குள் எந்த வழியாகப் போனீர்கள், எந்தச் சான்றிதழோடு போனீர்கள் என்பதுதான் தொகையை முடிவு செய்கிறது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பொறியியலை மையமாக வைத்துச் சொல்கிறேன். கலை அறிவியல் கல்லூரிக்கு எங்கே மாறுமோ அங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில்: எந்தக் கோட்டா?

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வு மூலம் இடம் கிடைத்தால் அது கவர்மெண்ட் கோட்டா. தனியார் கல்லூரியிலேயே படித்தாலும் அப்படித்தான். கல்லூரி நிர்வாகத்திடம் நேரே போய்ச் சேர்ந்தால் மேனேஜ்மென்ட் கோட்டா. இரண்டுக்கும் கல்லூரி இஷ்டப்படி கட்டணம் வைக்க முடியாது. 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. அந்தக் குழு 2017-இல் நிர்ணயித்த தொகை இது: கவர்மெண்ட் கோட்டாவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்; தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 87,000. குழு அவ்வப்போது தொகையைத் திருத்தும். நீங்கள் சேரும் ஆண்டுக்கான ஆணையைக் கலந்தாய்வு இணையதளத்தில் பார்த்துவிட்டே கல்லூரிக்குக் கிளம்புங்கள்.

அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இருக்காது. "எங்கள் காலேஜ் அக்ரிடேட்டட்" என்று சொல்லி 55,000 கேட்டால், உங்கள் பிரிவுக்கு உண்டா என்று திருப்பிக் கேளுங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் ரசீது இல்லாமல் வாங்கப்படும் பணத்துக்கு ஊரில் டொனேஷன் என்று பெயர். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இருந்தும் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். சரி, கொடுத்தே தீருவேன் என்று முடிவெடுப்பவர்கள் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளட்டும்: ரசீது இல்லாத பணத்துக்கு வங்கிக் கடன் கிடையாது, உதவித்தொகை கிடையாது, பிள்ளை ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் கேட்டு வாங்க வழியும் கிடையாது.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் கதையே வேறு. அங்கே இளநிலை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவைதான். விண்ணப்பிக்கும் செலவே 50 ரூபாய், அதிலும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் 500, அவர்களுக்கு 250.

அடுத்து: முழுப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்

கலந்தாய்வில் தெரியும் 50,000 என்பது கட்டணப் பட்டியலில் டியூஷன் ஃபீஸ் என்ற ஒரு வரி மட்டும்தான். கல்லூரிக்குப் போனதும் அதற்குக் கீழே இன்னும் பல வரிகள் வரும். பஸ், விடுதி, மெஸ் அட்வான்ஸ், காஷன் டெபாசிட், சீருடை, புத்தகம், பிளேஸ்மென்ட் டிரெயினிங், கல்லூரிக்குத் தகுந்தபடி இன்னும் சில. பல வீடுகளில் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போவது டியூஷன் ஃபீஸுக்காக அல்ல, இந்த வரிகளுக்காகத்தான்.

ஆகவே சேர்வதற்கு முன்பே ஆபீஸில் கேளுங்கள்: "நாலு வருஷத்துக்கும் வருஷா வருஷம் என்னென்ன கட்டணும்னு லெட்டர்ஹெட்டில் எழுதித் தாங்க." இதற்கு ஃபீ ஸ்ட்ரக்சர் என்று பெயர். வங்கிக் கடனுக்கு எப்படியும் இது வேண்டும், அதனால் கேட்பதில் கூச்சமே வேண்டாம். "கடனுக்குக் கேட்கிறோம் சார்" என்றால் முகம் சுளிக்காமல் தருவார்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இது ஒரு தடவைதானா, ஆண்டுதோறுமா? கட்டாயமா, விருப்பமா? திரும்ப வருமா, வராதா?

காஷன் டெபாசிட் ஒரு தடவை கட்டுவது, திரும்ப வர வேண்டியது. பஸ் ஆண்டுதோறும் கட்டுவது. சில கல்லூரிகள் அதைக் கட்டாயம்போலப் பேசும். ஊர்ப் பேருந்து கல்லூரி வாசலில் நிற்கும் என்றால், தனியார் கல்லூரி மாணவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு, அரசுக் கல்லூரி மாணவருக்கு முழு இலவசம். ஆய்வகம், நூலகம், இணையம் என்று தனித்தனியாக வரி போட்டிருந்தால், கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையை எடுத்துப் பாருங்கள். குறித்த தொகைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று அதில் இருக்கும். அடங்கியதையே இரண்டாவது முறை கேட்கிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

விடுதியில் அறை வாடகை ஒரு கணக்கு, மெஸ் இன்னொரு கணக்கு. மெஸ்ஸில் இரண்டு முறை உண்டு. மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை ஒன்று. இன்னொன்று டிவைடிங் சிஸ்டம்: மாதத்தின் மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களின் தலைக்கு வகுப்பது. இரண்டாவதில் பில் மாதாமாதம் மாறும். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க வேண்டுமென்றால், எத்தனை நாட்களுக்கு முன்னால் எழுதித் தர வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே வார்டனிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் இதைக் கேட்பதே இல்லை.

நான்கு ஆண்டுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். ஓராண்டு அல்லது ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது என்று அதே 2003 தீர்ப்பு சொல்கிறது.

சலுகைகள்: சான்றிதழ் ஜூனிலேயே கையில் இருக்க வேண்டும்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பணம் மிச்சமாவதும் கை நழுவிப் போவதும் இங்கேதான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பிள்ளையா? 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாக உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பெஞ்சில் "ஒன்றும் கட்டவில்லை" என்றாரே, அவர் இவராக இருக்கலாம். இதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தார் என்பதைப் பள்ளி உறுதிப்படுத்த வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடமும் போக வேண்டி வரும். மே மாதமே போய்விடுங்கள்.

இருபத்தைந்தாயிரம் கட்டியவர் முதல் பட்டதாரி. ஃபர்ஸ்ட் கிராஜுவேட் என்றால் எல்லோருக்கும் புரியும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்காள் யாரும் பட்டம் வாங்காத குடும்பத்தில் முதலில் படிக்க வருபவருக்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் டியூஷன் ஃபீஸ் சலுகை. ஐம்பதாயிரத்தில் அது போக மீதியைக் கட்டினால் போதும். இதற்குச் சாதி வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. மூன்று நிபந்தனைகள் உண்டு: கலந்தாய்வு வழியாக வந்திருக்க வேண்டும், வீட்டில் ஒருவருக்குத்தான், கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். அக்காள் இந்தச் சலுகையில் சேர்ந்து பாதியில் நின்றிருந்தாலும் தம்பிக்குக் கிடைக்காது.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், 60 ரூபாய். அங்கிருந்து விஏஓ, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போகும். விசாரணைக்கு விஏஓ கூப்பிட்டால் குடும்ப அட்டை, எல்லோருடைய டிசி நகல்களோடு போங்கள். இதோடு மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்றும் உண்டு, அதை மறந்துவிட்டுக் கடைசி நாளில் ஓடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் அதில் சலுகை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அன்றே கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டதுதான்.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான உதவித்தொகை இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2012-இல் வந்த அரசாணை 92 தனியார் கல்லூரியின் கவர்மெண்ட் கோட்டாவுக்கும் இதைக் கொண்டுவந்தது. சில கல்லூரிகள் "முதலில் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் தருகிறோம்" என்னும். உங்களிடம் கேட்காமல் அரசிடம் பெற்றுக்கொள்ள வேண்டிய தொகை எது என்று அரசாணை எண்ணைச் சொல்லியே கேளுங்கள். எண் தெரிந்த பெற்றோரிடம் ஆபீஸ் பேசும் தொனி வேறு. இப்போது உதவித்தொகையின் ஒரு பகுதி நேரே மாணவர் கணக்குக்கு வருகிறது. அது கல்லூரிக்குச் சேர வேண்டிய பணம். கைபேசி வாங்கிவிட்டால் அடுத்த செமஸ்டரில் பாக்கியாக நிற்கும்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் தனி உதவித்தொகைகள் உண்டு. அதற்கும் வருமான வரம்பு 2.5 லட்சம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடையில்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சிக்கல். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழுவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. வங்கியில் போய் "டிபிடி பணம் வர ஆதார் சீடிங் பண்ணிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். கணக்கு மாணவர் பெயரில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் முன்னெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும்.

கடன் வாங்குவதென்றால்

மீதித் தொகைக்குக் கந்துவட்டிக்காரரிடம் போவதற்கு முன் வங்கிக்குப் போங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை உங்கள் கைப்பணம் எதுவும் போட வேண்டியதில்லை. மத்திய அரசின் உத்தரவாத நிதி இருப்பதால் 7.5 லட்சம் வரை சொத்துப் பத்திரமோ வெளியாள் ஜாமீனோ இல்லாமல் கிடைக்கும். அப்பா அல்லது அம்மா இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த எண்ணோடு கிளைக்குப் போங்கள். வெறுங்கையோடு போனால் "மேனேஜர் லீவு" என்று திருப்பி அனுப்பிவிடலாம். விண்ணப்ப எண் இருந்தால் அவர்களும் பதில் பதிவு செய்தாக வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய தர அங்கீகாரமும் இருந்தால், அந்தக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. கடன் கொடுக்கும்போதே இதற்கான விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள், வங்கி தானாக நினைவுபடுத்தாது. 2024 நவம்பரில் ஒப்புதலான பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் தேர்ந்தெடுத்த உயர்தரக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இந்தச் சலுகைகள் பெரும்பாலும் கிடைக்காது. மறுபடியும் நுழைந்த வழிதான்.

கடன் பணம் உங்கள் கைக்கு வராது, கல்லூரிக் கணக்குக்கே போகும். அதற்குள் கட்டணத் தேதி வந்துவிட்டால், வங்கி தந்த ஒப்புதல் கடிதத்தின் நகலை வைத்துக் கல்லூரி முதல்வரிடம் அவகாசம் கேளுங்கள்.

பணம் கட்டும் நாள்

பல கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஸ்டேட் பேங்கின் இணையக் கட்டணத் தளமான எஸ்பிஐ கலெக்ட் மூலம் வாங்குகின்றன. ஸ்டேட் பேங்கில் கணக்கு இல்லாவிட்டாலும் கட்டலாம். மாநிலம், கல்லூரி, பிறகு கட்டண வகை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கட்டண வகையில்தான் தவறு நடக்கும். விடுதிக்குப் போக வேண்டியது தேர்வுக் கட்டணத்தில் விழுந்தால் திருத்துவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். பதிவெண்ணை இரண்டு முறை பாருங்கள். கட்டி முடித்ததும் வரும் குறிப்பு எண்ணை எழுதிக்கொண்டு ரசீதைத் தரவிறக்குங்கள். விட்டுப்போனால் அதே தளத்தில் பழைய ரசீதை மறுபடி எடுக்கலாம்.

யூபிஐ-யில் பணம் போய், கல்லூரிப் பக்கத்தில் "தோல்வி" என்று காட்டினால் பதறி உடனே மறுபடி கட்டாதீர்கள். கணக்கில் கழிந்து வணிகருக்குச் சேராத யூபிஐ பணத்தை ஐந்து நாட்களுக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. அந்த ஐந்து நாளை எண்ணித்தான் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கட்டச் சொல்கிறேன்.

தனி நபரின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பக் கூடாது, அவர் துறைத் தலைவராகவே இருந்தாலும். ரொக்கம் கட்டினால் முத்திரையிட்ட ரசீது வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். ரசீதில் டியூஷன் ஃபீஸ் தனி வரியாக இருக்கட்டும். பழைய முறையில் வருமான வரி கட்டும் பெற்றோருக்கு டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான் வரிக் கழிவு.

தேர்வுக் கட்டணம் தனி, தாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. அரியர் சேரச் சேர இதுவும் ஏறும்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால்

பொறியியலில் சேர்ந்த பிள்ளைக்கு மருத்துவக் கலந்தாய்வில் இடம் கிடைக்கும். நல்ல செய்திதான், ஆனால் கட்டிய பணம்? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) குறிப்பிடும் கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் தர வேண்டும். மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கட்டினால்தான் டிசி என்று சொல்ல எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் மேலோ முன்னதாகச் சொன்னால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகை, அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 விழுக்காடு, தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, பிறகு ஒன்றுமில்லை. நாள் கணக்கு உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து. ஆகவே வாய்ச்சொல்லாக இல்லாமல் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

கட்ட முடியாமல் போனால்

கடைசித் தேதிக்கு முன்னால் எழுதிக் கேட்ட கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு, தேதி முடிந்த பிறகு கண்ணீரோடு போய் நிற்பதற்குக் கிடையாது. எத்தனை தவணை, எந்தெந்தத் தேதி என்று நீங்களே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் தர மாட்டோம் என்ற பேச்சு வந்தால் அந்த நகல்தான் உதவும்.

நிர்ணயித்ததற்கு மேல் வாங்கினால் முதலில் கல்லூரியின் குறைதீர்க் குழு, பிறகு கட்டண நிர்ணயக் குழு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். சென்னைக்கு அலைய முடியாதவர்கள் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், அல்லது முதலமைச்சரின் உதவி எண்ணான 1100-க்கு அழைக்கலாம். புகாரோடு ஃபீ ஸ்ட்ரக்சரும் ரசீதும் இருந்தால் போதும். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசி ஆண்டில் பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தோடு நூலகம், ஆய்வகம், விடுதி என்று கையெழுத்துக்கு அலைவீர்கள் அல்லவா, அப்போது முதலாண்டு ரசீதையும் எடுத்துப் போங்கள். அதில் காஷன் டெபாசிட் என்று ஒரு வரி இருக்கும். விண்ணப்பம் கொடுக்காதவர்களின் தொகை கல்லூரியிலேயே தங்கிவிடும். படிவத்தில் கடைசிக் கையெழுத்து வாங்கும் அன்றே அதற்கான விண்ணப்பத்தையும் கொடுத்து, வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.